மண் பாதையில் ஓட எங்கே போவது: மெக்ரிச்சியா, பொங்கோலா, சுங்கை பூலோவா?

என் தங்கை மகனுக்கு 26 வயது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்த பிறகும் ஆண்டுதோறும் வரும் உடலுறுதிச் சோதனைக்காக 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகியவன். அதைத் தாண்டி ஒரு மீட்டர்கூட ஓடாதவன், இந்த ஆண்டு திடீரென்று டிசம்பரில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டான். பொங்கோலில் வீடு. புளோக்குக்குக் கீழேயே பூங்கா இணைப்புப் பாதை. வாரம் நான்கு நாள் அதில் ஓடினான். ஆறாவது வாரம் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள்பக்க ஓரமாக வலி பிடித்துக்கொண்டது. பார்த்த பிசியோ, குறைந்தது நீண்ட ஓட்டத்தையாவது சிமெண்டில் ஓடாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மாமா, சிங்கப்பூர்ல சிமெண்டு போடாத இடம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. சொல்லப்போனால் ஒன்றுக்கு மேல் இருப்பதுதான் சிக்கல். நான் அங் மோ கியோவில் இருக்கிறேன், அவன் பொங்கோலில். இருவரும் சேர்ந்து ஓடுவது சனிக்கிழமை காலை மட்டும். அந்த ஒரு நாளை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய, அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தோம். நான் வேகமாக ஓடுகிறவன் இல்லை. இருபது ஆண்டாக ஓடுகிறேன், அவ்வளவுதான். ஆகவே இது 51 வயது முழங்காலும் 26 வயது அவசரமும் சேர்ந்து எடுத்த முடிவு.

மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். தரை பெரும்பாலும் மண்ணோ சரளையோ இருக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ச் சேர முடிய வேண்டும். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், ஆனால் போன வழியிலேயே திரும்பக் கூடாது.

கடைசி நிபந்தனை ஏன் என்று பையன் கேட்டான். போய்த் திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் 'இன்றைக்கு இது போதும்' என்று திரும்பிவிடலாம். எட்டு கிலோமீட்டர் ஓடக் கிளம்பி ஐந்தோடு வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. வட்டப் பாதையில் பாதி தாண்டிவிட்டால், முன்னால் போவதுதான் வீட்டுக்குக் குறுக்கு வழி. மனம் எத்தனை சாக்குச் சொன்னாலும் கால் வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும்.

இந்த நிபந்தனையில் முதலில் அடிபட்டது பழைய மலேசிய ரயில் பாதை. கிராஞ்சியிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர், தீவின் குறுக்கே நீளமாக ஓடும் பசுமைப் பாதை. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. மறுநாளிலிருந்து அந்த நிலம் சிங்கப்பூரிடம் வந்தது, தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது நாம் ஓடுகிறோம். அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்தோடு நிற்கும் முனீஸ்வரன் கோயில், அந்தத் தண்டவாள ஓரத்தில் ஒரு சிறு வழிபாட்டு இடமாகத் தொடங்கியதுதான். ஆனாலும் அது கோடு, வட்டம் இல்லை. ஒரு முனையிலிருந்து ஓடினால் மறுமுனையில் வேர்த்து வழியும் உடம்போடு எம்ஆர்டியில் ஏறி மற்றவர்களைச் சோதிக்க வேண்டும். வேண்டாம்.

புக்கிட் தீமா 163 மீட்டர் உயரக் குன்று. படிக்கட்டுப் பயிற்சிக்கு நல்ல இடம், கால் வலிக்காரனுக்கு அல்ல. செஸ்நட் பூங்காவில் மலைச் சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் தனித்தனிப் பாதையில் போகிறார்கள். நல்ல மண்தான். எங்கள் இருவருக்குமே பஸ் பயணம் நீளம் என்பதால் விட்டுவிட்டோம். மிஞ்சியவை மூன்று.

முதலில் சுங்கை பூலோ

ஈரநிலம் என்றாலே சிங்கப்பூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது சுங்கை பூலோதான். எனக்கும் அப்படித்தான், அதனால் அங்கேதான் முதலில் போனோம். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925 பஸ். 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்து, 2002ல் சட்டப்படி இயற்கைக் காப்பகமான இடம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியப் பக்கமிருந்து வரும் உள்ளான் கூட்டங்கள் இங்கே இறங்கித் தின்று இளைப்பாறிவிட்டுப் போகின்றன. வலசைப் பறவைகளின் பெயரில் உள்ள வட்டப் பாதை கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். கடலோரப் பாதை இன்னும் 1.3 கிலோமீட்டர். அதில் நின்றால் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மண் பாதை, வட்டம், ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் சேற்றுக் குளம். இரண்டு கிலோமீட்டர் வட்டத்தை ஐந்து முறை சுற்றினால் பத்து வந்துவிடும் என்று பையன் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

முதல் சுற்றின் நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஓடுகிற இடம் இல்லை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் பறவை பார்க்கும் மறைவுக் குடில் ஒன்றுக்கு வெளியே நாங்கள் தடதடவென்று வந்தபோது, நீண்ட லென்ஸோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். திட்டவில்லை, வெறுமனே பார்த்தார். அவர் குறிவைத்திருந்த சேற்றுத் திட்டு காலியாக இருந்தது. ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து கொஞ்சம் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள இறங்கிய பறவையை, அரை மாரத்தானுக்காக எழுப்பி விரட்டியது நாங்கள்தான் என்பதில் சந்தேகமில்லை.

மீதியை நடந்தோம். நடந்த பிறகுதான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்துக்குக் கீழே சேற்றில் உளுவை மீன்கள் துடுப்பையே காலாக ஊன்றித் தத்திக்கொண்டிருந்தன. சாம்பல் நாரை ஒன்று பத்து நிமிடம் அசையாமல் நின்றது. 'முதலை நடமாடும் இடம்' என்ற எச்சரிக்கைப் பலகைக்கு அருகே பையன் தன்னிச்சையாக என் பின்னால் வந்து நின்றான். அந்தப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல, உப்புநீர் முதலைகள் அங்கே உண்மையிலேயே இருக்கின்றன.

ஆக, சுங்கை பூலோ ஓட்டப் பட்டியலிலிருந்து வெளியே. நடைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஓட்டத்துக்கு அடுத்த நாள் கால் இறுகிக் கிடக்கும்போது குடும்பத்தோடு போய் மெதுவாக இரண்டு மணி நேரம் நடக்கலாம். பறவைகளும் நிம்மதியாக இருக்கும்.

பொங்கோல் வட்டம்

இரண்டாவது, பையனின் வீட்டு வாசல் என்றே சொல்லலாம். தனித்தனிப் பூங்காக்களாக இருப்பதை நாமே கோத்து வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். பொங்கோல் கடற்கரை முனையில் தொடங்கி, சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகத் தெற்கே இறங்கினால் ஒரு சிவப்புப் பாலம் வரும். அதைக் கடந்தால் லோரோங் ஹாலூஸ் ஈரநிலம். அங்கிருந்து எதிர்க்கரையில் வடக்கே ஏறினால் அணைக்கட்டு, அதைத் தாண்டிக் கோனித் தீவின் கிழக்கு வாசல். தீவுக்குள் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஓடி மேற்கு வாசலில் வெளியே வந்தால் மறுபடியும் பொங்கோல் முனை. எங்கள் கைக்கடிகாரங்கள் எட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குள் காட்டின. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாததால் வழியெல்லாம் வாக்குவாதம்.

லோரோங் ஹாலூஸ் எனக்குச் சின்ன வயதில் வெறும் வாடை. அங்கேதான் தீவின் குப்பை போய்ச் சேர்ந்தது. 1999ல் அந்தக் குப்பைமேட்டை மூடினார்கள், குப்பை செமக்காவ் தீவுக்குப் போகத் தொடங்கியது. ஆனால் மூடிய குப்பை சும்மா கிடக்காது. மழைநீர் அதற்குள் இறங்கிக் கறுப்புக் கசிவாக வெளியே வரும், அது பக்கத்திலுள்ள நீர்த்தேக்கத்தில் கலந்தால் வினை. அதனால் கசிவைப் பிடித்து, சம்பும் நாணலும் வளர்ந்த பாத்திகளின் வழியாக விட்டுச் சுத்தப்படுத்துகிறார்கள். வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்கின்றன. பார்க்கிறவருக்கு அது அழகான ஒரு நாணல் குளம், மேலே தட்டான் பறக்கும். உண்மையில் அது ஓர் ஆலை. காலை ஏழரை மணிக்கு அந்தப் பாத்திகளை ஒட்டி ஓடும்போது இதைப் பையனுக்குச் சொன்னேன். "அப்போ நாம குப்பைக்குப் பக்கத்திலதான் ஓடுறோமா மாமா?" என்றான். ஆமாம், உங்கள் தாத்தா காலத்துக் குப்பை.

கோனித் தீவுக்கும் ஒரு கதை உண்டு. பழைய பெயர் பூலாவ் சிராங்கூன். 1950ல் அதை வாங்கிய ஓர் இந்திய வணிகர், நியூயார்க்கில் உள்ள கோனித் தீவைப்போல் இதையும் கேளிக்கைத் தலமாக்கப் பார்த்தார். கேளிக்கை நிலைக்கவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2015 அக்டோபரில் பூங்காவாகத் திறந்தார்கள். திறந்த புதிதில் அங்கே யாருடையது என்றே தெரியாத ஒரு காளை தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. திமில் வைத்த நம்மூர் மாதிரிக் காளை. மறு ஆண்டே இறந்துவிட்டது. ஓடுகிறவர்கள் சிலர் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

தீவுக்குள் தரை முழுக்கச் சரளை, இருபுறமும் சவுக்கு. காற்று அடிக்கும்போது சவுக்குத் தோப்புக்கே உரிய அந்த இரைச்சல் வரும். ஊருக்குப் போன நேரம் நாகப்பட்டினக் கடற்கரையில் கேட்ட அதே இரைச்சல். வழியில் சாய்ந்த சவுக்கு மரங்களையே அறுத்துப் பலகையும் பெஞ்சுமாகப் போட்டிருக்கிறார்கள். விளக்குக் கம்பம் இல்லை. குடிநீர்க் குழாயும் இல்லை, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். காலை 7 மணிக்குத்தான் வாசல் திறக்கும், மாலை 7 மணிக்கு மூடிவிடும்.

இந்த வட்டத்தின் நல்ல குணம், தரை தட்டையாக இருப்பது. பாதை அகலம், வேர் தடுக்காது, நிதானமான வேகத்தைக் கடைசிவரை காப்பாற்ற முடியும். வலியிலிருந்து எழுந்து வருகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

கெட்ட குணங்களும் உண்டு. முழுக்க மண் இல்லை, நடுநடுவே சிமெண்டும் தாரும் வந்துபோகும். சைக்கிள்கள் வரும். வாரக் கடைசியில் வாடகைச் சைக்கிளில் நான்கு பேர் வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வருவார்கள். குறுகலான இடத்தில் புல்லுக்குள் இறங்கி நிற்க வேண்டியதுதான். எட்டரை மணிக்கு மேல் நீர்த்தேக்கக் கரையில் நிழல் கிடையாது. அப்புறம் கோனித் தீவின் மணல் ஈ. கண்ணுக்கே தெரியாத பொடி ஈ. ஓடிக்கொண்டிருக்கும் வரை கடிக்காது. கடற்கரையைப் பார்க்கலாமே என்று ஐந்து நிமிடம் நின்றோம். அன்று இரவு பையனின் காலில் பதினேழு தடிப்பு. எண்ணி எனக்குப் படம் அனுப்பினான். ஒரு வாரம் சொறிந்தான்.

மெக்ரிச்சி

இப்போது நான் நியாயமாக எழுதுவது போலப் பாவனை செய்யப் போவதில்லை. எனக்குப் பிடித்தது மெக்ரிச்சிதான். பையனை மற்ற இரண்டு இடத்துக்கும் முதலில் கூட்டிப் போனதே, அவனாக இதைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான்.

தீவின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இது. 1868ல் கட்டி முடித்தது. முன்பு தாம்சன் நீர்த்தேக்கம் என்று இருந்ததற்கு, பழைய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயரை 1922ல் வைத்தார்கள். நீரைக் காக்கக் காட்டைக் காத்தார்கள், அந்தக் காடுதான் இன்று நமக்குக் கிடைத்த லாபம். சுற்றிலும் 2,000 எக்டருக்கு மேல் நீர்ப்பிடிப்புக் காப்புக்காடு. குறுக்குத்தீவு எம்ஆர்டித் தடத்தை இந்தக் காட்டைச் சுற்றிக் கொண்டுபோவதா, அடியில் கொண்டுபோவதா என்று பல ஆண்டு விவாதம் நடந்தது. சுமார் 70 மீட்டர் ஆழத்தில், காட்டுக்கு அடியில்தான் போகும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. நாம் மேலே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது கீழே ரயில் ஓடும் நாள் வரும்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் முழு வட்டம் பத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர், எந்தக் கிளைப் பாதையைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேரிமவுண்ட் எம்ஆர்டியிலிருந்து நடந்தே பூங்காவுக்கு வந்துவிடலாம். சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இன்னொரு பஸ் மாறத் தயார்.

தொடக்கத்தில் நீர் விளிம்பை ஒட்டிப் பலகைப் பாதைகள். தண்ணீரில் பாதி மூழ்கிய வேர்கள், வெயில் காயும் ஆமைகள், பலகைக்கு அடியிலிருந்து திடீரென்று நழுவும் உடும்பு. அந்தப் பலகையில் ஓடாதீர்கள், நடந்து கடந்துவிடுங்கள். பாசி பிடித்த பலகை மழைக்கு மறுநாள் எண்ணெய் தடவிய தோசைக்கல். அதைத் தாண்டினால் சிவப்பு மண். வேர்கள் பாம்பு போலக் குறுக்கே கிடக்கும், ஏற்றம் முடிந்தால் இறக்கம், இறக்கம் முடிந்தால் ஏற்றம். எதுவுமே பெரிதல்ல, ஆனால் ஓய்வும் இல்லை. மரக்கூரை மூடியிருப்பதால் ஒன்பது மணி வரை வெயில் மேலே படாது. காற்றும் படாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஈரப்பதம் வேக வைத்த துணிபோல முகத்தில் ஒட்டும். சிமெண்டில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடும் பையன் இங்கே ஏழே காலுக்கு இறங்கினான். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துகொண்டான்.

"கடிகாரத்த கழட்டி பைக்குள்ள போடுடா" என்றேன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டத்தின் ஒரு பகுதியான லார்னி பாதையில் வேகம் எவ்வளவு என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் வேர் காலை வாரிவிட்டது. வலது கணுக்கால் உள்பக்கம் மடங்கி, மூன்று கிலோமீட்டர் நொண்டி வந்து சேர்ந்தேன். ஐந்து வாரம் ஓட்டம் இல்லை. வட்டப் பாதையின் கெட்ட பக்கம் இதுதான். பாதியில் திரும்ப முடியாது என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அடிபட்ட நாளில் அதே விதி உங்களுக்கும் பொருந்தும். வடக்குப் பக்கம் வீனஸ் டிரைவ் வழியாக அப்பர் தாம்சன் சாலைக்கு வெளியேறலாம். அதை விட்டால் வெளியே வரக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதிலும் ஓட்டக்காரர்களுக்குள் கட்சி உண்டு. நான் நீர் இடது கைப்பக்கம் இருக்கும்படி, அதாவது வடக்குக் கரையை முதலில் முடிப்பவன். காரணம் எளியது. ஏறக்குறைய நடுவழியில் வனக்காவலர் நிலையம் வரும், அங்கே குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றன. போத்தலை நிரப்பிக்கொண்டு, பிறகு வரும் ஏற்ற இறக்கமான தார்ச்சாலைத் துண்டைக் கடந்து, கோல்ஃப் மைதான ஓரமாக வந்து, லார்னி பாதையில் இறங்கினால் கடைசி மூன்று கிலோமீட்டரும் நிழல். எதிர்த்திசைக்காரர்கள் லார்னியை முதலில் முடித்துவிட்டு, வேர்களும் பலகைகளும் நிறைந்த பக்கத்தைக் களைத்த காலோடு கடக்கிறார்கள். வீரம்தான். எனக்கு வேண்டாம்.

மரஉச்சித் தொங்கு பாலத்தை ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். 2004ல் திறந்த 250 மீட்டர்ப் பாலம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம், ஒருவழி. காலை ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கும், திங்கட்கிழமை விடுமுறை. ஓட்டக்காரர் வந்தால் பாலமும் ஆடும், முன்னால் நிற்கும் குடும்பத்தின் பொறுமையும் ஆடும். அதைப் பார்க்க இன்னொரு நாள் நடந்து வாருங்கள்.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் மெக்ரிச்சியைப் பற்றி எழுத முடியாது. நீண்ட வால் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பையின் சரசரப்பு என்றால் சாப்பாடு என்று தெரியும். கையில் பை வேண்டாம். பழமோ ரொட்டியோ முதுகுப்பைக்குள் போகட்டும். எதிரே கூட்டமாக உட்கார்ந்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல் நடந்து போய்விடுங்கள். உணவு கொடுத்தால் முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

இன்னொன்று, இது என் சொந்தப் பலவீனம். மெக்ரிச்சிக் காட்டின் ஓரங்கள் பழைய தோட்ட நிலம். முதலில் காசுக்கட்டிக்காகக் காம்பியர் செடி, பிறகு ரப்பர். காடு மறுபடி வளர்ந்து மூடியும் ரப்பர் மரங்கள் அங்கங்கே நிற்கின்றன. என் தாத்தா ஜொகூரில் பால் மரம் வெட்டினவர். வெயில் ஏறியதும் ரப்பர்க் காய் 'டப்'பென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றான். கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்து, சிறு வயதில் நாங்கள் செய்ததுபோல் கல்லில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி அவன் கையில் வைத்தேன். "ஆ!" என்றான். எங்கள் வகுப்பில் இதற்காகப் பிரம்படி வாங்காத பையனே கிடையாது.

காலணியும் மழையும்

இடம் எதுவானாலும் இந்த இரண்டும்தான் முடிவை மாற்றும். பொங்கோலுக்குச் சாதாரண ஓட்டக் காலணி போதும். மெக்ரிச்சிக்கு அடிப்பகுதியில் பல் வைத்த காலணி வேண்டும். ஆனால் இருநூறு வெள்ளி கொடுப்பதற்கு முன் 'அடிடாஸ் கம்போங்' என்று இங்கே எல்லாரும் செல்லமாகச் சொல்லும் கறுப்பு ரப்பர்க் காலணியைப் போட்டுப் பாருங்கள். பெயரில்தான் அடிடாஸ், அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போட்டுக்கொண்ட காலணி. ஒரே வார்ப்பு, தண்ணீர் தங்காது, சேற்றில் பிடிக்கும், குழாயடியில் காட்டினால் சுத்தம். விலை பத்துப் பதினைந்து வெள்ளிக்குள். மலேசியக் காட்டு ஓட்டங்களில் இதைப் போட்டுக்கொண்டு முந்திப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெத்தை கிடையாது என்பதால் தார்ச்சாலைத் துண்டில் பாதம் முணுமுணுக்கும். கனமான காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் செம்மண் வெள்ளைக் காலுறையில் ஏறினால் இறங்கவே இறங்காது. தங்கை எனக்கு ஃபோன் போட்டு, "இனி உங்க ரெண்டு பேரு சாக்ஸையும் நீயே துவைச்சுக்க" என்று சொல்லிவிட்டாள்.

மழை இன்னும் முக்கியம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை மிகுந்த காலம், டிசம்பர் போட்டிக்கு நீண்ட ஓட்டங்கள் வரும் அதே நேரம். நடு ஆண்டில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று வேறு. 2011 பிப்ரவரியில் ஒரு பெருங்காற்றில் இந்தக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்து, மெக்ரிச்சியின் பாதைகளை நெடுநாள் மூடி வைத்தார்கள். சேறு, வழுக்கல் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. இடியும் விழும் கிளையும் அப்படியல்ல. முந்தின இரவு பெருங்காற்று என்றால் நான் காட்டுக்குப் போவதில்லை. காப்புக்காட்டின் நேரமும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். இங்கே சூரியனே ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது என்பதால் அதற்கு முன் போனாலும் வேர் கண்ணுக்குத் தெரியாது.

நாங்கள் எடுத்த முடிவு

முதல் நான்கு சனிக்கிழமை பொங்கோல். வலி முழுதாக அடங்கும் வரை தட்டையான சரளை, ஒரே சீரான அடி. அவனுக்கு அது வீட்டு வாசல் என்பதால் சாக்குச் சொல்ல முடியாது. ஐந்தாவது சனியிலிருந்து ஒரு வாரம் மெக்ரிச்சி, ஒரு வாரம் பொங்கோல். காட்டில் நேரம் பார்த்து ஓடுவதில்லை, ஒன்றரை மணி நேரத்துக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. பொங்கோலில் மட்டும் போட்டி வேகத்தைச் சோதித்துப் பார்ப்பது.

அரை மாரத்தான் நடப்பது தார்ச்சாலையில்தானே, மண்ணிலேயே ஓடிப் பழகினால் அன்றைக்குக் கால் தாங்குமா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்காகத்தான் வார நாளில் ஒரு குறும் ஓட்டத்தைப் பழைய சிமெண்டுப் பாதையிலேயே வைத்திருக்கிறோம், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இல்லை. போட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்து காட்டையும் நிறுத்திவிடுவோம். அந்த நேரத்தில் கணுக்கால் மடங்கினால் பெயர் கொடுத்த காசும் போச்சு.

உங்களுக்கு முழங்கால் தொந்தரவு இருந்தால், அல்லது இப்போதுதான் ஐந்து கிலோமீட்டர் தாண்டுகிறீர்கள் என்றால், பொங்கோலோடு நில்லுங்கள். பத்து கிலோமீட்டர் அலுத்துப்போய், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடத் தெரிந்தவர் என்றால் நேராக மெக்ரிச்சி. தனியாக ஓடுகிறவர் முதல் முறை காட்டுக்குப் போகும்போது வார நாளைத் தவிருங்கள். சனிக்கிழமை காலை அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருவராவது எதிரே வருவார், காலை வணக்கமும் சொல்வார். இது சிங்கப்பூரில் மின்தூக்கிக்குள்கூடக் கிடைக்காத ஒன்று.

போன சனிக்கிழமை மெக்ரிச்சியில் பையன் முதன்முறையாக முழு வட்டத்தையும் நடக்காமல் ஓடி முடித்தான். பலகைப் பாதையைத் தவிர, அதை நடந்துதான் கடந்தான். ஒரு மணி பத்தொன்பது நிமிடம். கடிகாரம் பைக்குள்தான் இருந்தது, ஆனால் ஓடவிட்டு வைத்திருந்திருக்கிறான். அப்பர் தாம்சன் சாலையில் ஆளுக்கு இரண்டு முட்டைப் பிராட்டாவும் தே தாரிக்கும் முடிக்கும்வரை அவன் அதை என்னிடம் சொல்லவில்லை.